துணை ஜனாதிபதிக்கு இரண்டு சொல் வசனம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. 'அனைவரும்' என்பதில் உன் அத்தானைச் சேர்க்கலாமா என்று தெரியாததால் அதை நிறுத்திவைக்கிறேன். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. டிவியில் உன் தொடர் முடிந்ததும் 'கதை, வசனம்' என்று உன் பெயர் ஓடுகிறது, உயிரோடுதான் இருக்கிறாய். போனில் பிடிக்கலாம் என்றால் உன் உதவியாளர், "சார் டிஸ்கஷன்ல இருக்கார்" என்கிறார். நேற்று பின்னாலிருந்து, "அக்காவா? அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்ற உன் குரலும் கேட்டது. ஆகவே கடிதம். இதை டிஸ்கஷனிலேயே உட்கார்ந்து படி.

கம்பெனிக்காரர்கள் இவர் வேலை பார்த்த கிளையை மூடிவிட்டு இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அத்தானுக்கு நல்ல உயரம், பாத்தா நம்பிக்கை வர்ற வழுக்கை, ஒரு ரோல் இருக்கு" என்று நீ அழைத்துப்போனாய். நல்லது செய்தாய், மறுக்கவில்லை. ஆனால் என்ன ரோல் கொடுத்தாய்? துணை ஜனாதிபதி. ஜனாதிபதியின் இடது தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும், தலையாட்ட வேண்டும், யார் எதைக் கேட்டாலும் "ஜனாதிபதியின் முடிவே என் முடிவு" என்று சொல்ல வேண்டும். எல்லையில் பீரங்கி வெடித்தாலும் அதே வசனம், மந்திரி கட்சி மாறினாலும் அதே வசனம். பாதி எபிசோடில் இவருடைய காது மட்டும்தான் தெரிகிறது. அந்தக் காதுக்காக இவர் முந்தின நாளே வசனத் தாளை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் உருப்போடுகிறார். நான் குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வருகிறது.

கடைத்தெருவுக்குப் போனால் இப்போது என் பக்கத்தில் நடப்பதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி வருகிறார். நான் திரும்பிப் பார்த்தால் தலையாட்டுகிறார். காய்கறிக்காரர், "சார், அடுத்த வாரம் போர் வந்துருமா?" என்று கேட்கிறார், இவர் ஒரு தக்காளியை உருட்டிப் பார்த்துவிட்டு, "அமைதிக்கான வாய்ப்புகள் மூடப்படவில்லை" என்கிறார். அந்தத் தக்காளி அழுகல் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன், கெட்ட பெயர் எனக்கு.

இதற்கு மேல் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு துணைத் தலைவர் தேவைப்பட்டது. அனுபவமுள்ள ஆள் இங்கேயே இருக்கிறாரே என்று ஒருமனதாக இவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அனுபவமாம்! அப்புறம் சங்கத் தலைவர், மகளுக்குப் பிரசவம் என்று பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கே மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு மாடியாக இறங்கி வருகிறது. இவர் மோட்டார் அறை வாசலில், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "ஸ்விட்ச அணைங்க சார்" என்று கத்தியதற்கு, "தலைவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாராம். அந்த அம்மாவே உள்ளே போய் அணைத்தார். அதற்கும் என்னிடம்தான் வந்து, "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நிதானமானவருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்லைப் பிடுங்கும்போது சொல்வார்களே, வலிக்காது என்று, அந்தக் குரலில்.

எனக்குப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிற வேலை என்பது உனக்குத் தெரியும். ஒரு சொல் மாட்டிக்கொண்டால் பல்லிடுக்கில் நார் மாட்டியது போல நாள் முழுக்க நாக்கு அங்கேயே போகும். இப்போது மாட்டியிருப்பது 'துணை'. துணைப்பாடத்தைத் தேர்வுக்கு முந்தின நாள் வரை யாரும் திறப்பதில்லை. துணைவினை தனியாக நிற்காது. துணை நடிகர் கூட்டத்தில் நிற்பார். கல்யாணத்தின்போது வாழ்க்கைத்துணை என்றார்கள். யாருக்கு யார் துணை என்று அப்போதே கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் வாடகை வீடா சொந்த வீடா, மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் நான்தான் முடிவு செய்தேன். இவர் கூடவே நின்றார். அதைக் குறையென்று நினைத்ததில்லை. நீ அதற்கு ஒரு கோட்டு மாட்டி, விளக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் கண்ணில் உறுத்துகிறது. உன் கதையில் துணை ஜனாதிபதிக்கு மனைவி உண்டா என்று கேட்டதற்கு, "அவுட்லைன்ல இல்லக்கா" என்றாய். இருந்தால் இப்படித்தான் இருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு, என் மகளுக்குத்தான், கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒரு முழு ராத்திரியும் பாதிப் பகலும் ரயிலில் போக வேண்டிய ஊர். சேருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்து அப்பாவைக் கேட்டாள். இவர் என் பக்கம் கையைக் காட்டி, "அம்மாவின் முடிவே என் முடிவு" என்றார்.

"இது பதில் இல்லப்பா, வசனம்" என்றாள் அவள்.

"அப்பா சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்" என்றேன் நான். ஒரு தடவையாவது இவர் முதலில் வாயைத் திறக்கட்டுமே. நான் போ என்றால், தள்ளிவிட்டாள் என்ற பெயர். போகாதே என்றால் காலத்துக்கும் என் கழுத்தில் அந்தப் பழி. அவள் பெட்டியை இறக்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள். பெட்டி பரண் மேல் கிடக்கிறது, ஸ்டூல் ஆடுகிறது, யார் ஏறுவது என்று சொல்லித் தள்ளிப்போட்டு வருகிறேன்.

முதலில் இவரை ஒரு விமான விபத்தில் கொன்றுவிடு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தேன், பிணமாக நடிக்கச் சொன்னால் வீட்டிலும் அப்படியே படுத்துக்கொள்வார். ஆகவே ஒன்று செய். ஜனாதிபதியின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள் என்று வை. ஜனாதிபதி அவசரக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளட்டும். வழியனுப்ப வந்த துணை ஜனாதிபதி அவள் தலையில் கை வைத்து, "போய் வா" என்று சொல்லட்டும். இரண்டே சொல். புதன்கிழமைக்குள் தாள் வந்துவிட்டால் வியாழன் முழுக்க உருப்போடுவார். வாய் பழகிவிட்டால் வெள்ளிக்கிழமை வீட்டிலும் தானாக வந்து விழும்.

உன் தொடர் நீளட்டும், விளம்பரங்கள் பெருகட்டும். உன் மனைவிக்கு, முடிவெடுக்கிற கணவன் வாய்த்ததற்கு என் பாராட்டு. குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
அக்கா

மறுகுறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்துவிடாதே. உறை தேடி உள்ளே போனேன். இவர் ஸ்டூல் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து ஏறி, பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மகளிடம், "போம்மா. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை, பனியனோடு நின்றார். அவள் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றாள். ஸ்டூல் இப்போது ஆடவில்லை. நான், "அப்பாவின் முடிவே என் முடிவு" என்றேன்.

"இதுவும் வசனம்தான்மா" என்றாள்.

அந்த இரண்டு சொல்லை எனக்கு எழுதி அனுப்பு. புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது, உருப்போட வேண்டும்.