ஏழாம் நம்பர் கதைக்கு என்.ஜி.

தளவாய் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தான் ஓர் எழுத்தாளர் என்பதை வடக்குப்பட்டு முழுக்க ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும்.

முழுக்க என்றால், அவர் குடியிருக்கும் தெரு. தெரு என்றால், அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்.

இத்தனைக்கும் அங்கே எல்லோரும் அவரை 'ரைட்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். தென்காசிப் பக்கமிருந்து குடிவந்த புதிதில் அவரே பரப்பிவிட்ட பெயர். அதைக் கேட்ட கீழ்வீட்டுத் தாயாரம்மாள், மறுநாளே காணாமல்போன சைக்கிளுக்குப் புகார் எழுதிக்கொள்ளச் சொல்லி வந்து நின்றாள். ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பவர் என்பது அவள் கணக்கு. தெருவில் பாதிப்பேர் கணக்கும் அதுதான். இன்றைக்கும் தளவாயைக் கண்டால் அவசரமாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

தளவாய்க்கு இது வருத்தம். வேலை விட்டு வந்து எழுத உட்காரும் நேரம்தான் அவருக்கு வாழ்ந்த நேரம். இதுவரை ஒரு பத்திரிகையும் அவர் கதையைப் போட்டதில்லை. போடாததில் அவருக்கு ஆச்சரியமும் தீர்ந்ததில்லை.

அப்போதுதான் தெருமுனையில் டியூஷன் எடுக்கும் ஷாரோன் டீச்சர் குரூப்பில் ஒரு போட்டி அறிவித்தார். முப்பது சொல்லுக்குள் ஒரு கதை. சும்மா ஒரு சந்தோஷத்துக்கு. கதைகளை எழுதினவர் பேர் போடாமல் நம்பர் மட்டும் போட்டு டீச்சர் வெளியிடுவார். யாரும் எதற்கும் குரூப்பில் கருத்துச் சொல்லலாம். பிறகு ஆளுக்கு ஓர் ஓட்டு; அதை டீச்சருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். தன் கதைக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முடிவு. பரிசு ஒரு சால்வை.

"இதுல நான் ஜெயிக்கலைன்னா இனிமே பேனாவையே தொட மாட்டேன்!" என்று சபதம் போட்டார் தளவாய்.

"நீங்க போன்லதான எழுதுதீய?" என்றாள் அவர் மனைவி பாண்டிச்செல்வி, வெங்காயம் நறுக்கியபடி.

"ஏட்டி, எதுலயும் எழுத மாட்டேன். ஒரு வரி எழுத மாட்டேன். இது சத்தியம்."

"வல்லக்கோட்டை முருகா," என்றாள் அவள். எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

தளவாய் ஒரகடத்தில் கியர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் வரும் பீஸைத் திருப்பிப் பார்த்து மூன்றில் ஒன்று சொல்வார். ஓகே. ரீவொர்க். என்.ஜி. கடைசியில் சொன்னதுக்கு நோ குட் என்று அர்த்தம். அந்த பீஸ் சிவப்பு டப்பாவுக்குப் போகும். இந்தப் பழக்கத்தை அவர் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வருவதில்லை. "சட்னி ஓகே. தோசை ரீவொர்க். ரசம் என்.ஜி." என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் தரம் பிரிப்பார். கல்யாணமான புதிதில் பாண்டிச்செல்வி அர்த்தம் கேட்டாள். பொறுமையாக விளக்கினார். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதைகள் வெளியாயின. அவருடையது நாலாம் நம்பர். அதை அவர் மனைவிக்குக் குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினார்.

"வானம் கறுத்தது. வாழ்க்கை வெறுத்தது. ரோபோ அழுதது. வழிந்தது கண்ணீர் அல்ல, கூலன்ட் ஆயில்! மனிதா, நீ எப்போது அழுவாய்?"

படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி?"

"லீக் ஆயிருக்கும். மெயின்டனன்ஸ்ல சொல்லிட்டீயளா?"

"ஏட்டி, இது படிமம்!"

"படிஞ்சிருந்தா தொடைக்கச் சொல்லுங்க."

"ஒன்கிட்டப் படிச்சேன் பாரு! சரி, நாலாம் நம்பர். மறந்துராத. ஒன் ஓட்டு எனக்குத்தான?"

"ஓட்டு ரகசியம்ங்க. டீச்சர் சொல்லிருக்காக."

பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற கதைகளைப் பார்த்தார். ஐந்து, சுமார். ஆறு, கதையே இல்லை. ஏழுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அவனுக்கு நைட் ஷிப்ட். அவளுக்குப் பகல் ஷிப்ட். அவன் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். பாயில் அவள் படுத்திருந்த சூடு மட்டும் இருக்கும். அதைக் கலைக்காமல், ஓரமாகப் படுத்துக்கொள்வான்."

திரும்பப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். ஒரு சொல்லை எடுக்க முடியாது, ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. இத்தனை வருஷம் பீஸைப் பிடித்துப் பார்த்த கையல்லவா? பிசிறே இல்லாத சாமான் என்று அதற்கு உடனே தெரிந்துவிட்டது. 'ஐயோ, என்னமா எழுதியிருக்கான்!' என்று வாய்விட்டே சொன்னார். சொன்ன கையோடு வயிறு எரிந்தது.

எழுதியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு ஜீவானந்தம்தான். இந்த ஊர்க்காரன். மறைமலை நகரில் நைட் ஷிப்ட். அவன் மனைவி எழிலரசி போன் தயாரிக்கும் கம்பெனியில் பகல் ஷிப்ட். சொந்தக் கதையை எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வாசலில் பைக் துடைக்கிறான்.

இந்தக் கதை இருக்கிறவரை ரோபோ ஜெயிக்காது. ரோபோ ஜெயிக்காவிட்டால் சபதம். சபதம் என்றால் இனி ஆயுசுக்கும் கியர் பெட்டி மட்டும்தான். நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் குரூப்பில் கருத்துகள் ஆரம்பித்தன. ரைட்டர் சார் என்ன சொல்கிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தளவாய் போனை எடுத்தார். ஐந்துக்கு 'பரவாயில்லை' போட்டார். ஆறுக்கு 'முயற்சி நன்று' போட்டார். ஏழுக்கு வந்ததும் 'நன்றாக இல்லை' என்று அடிக்கப் பார்த்தார். விரல் ஓடவில்லை. அப்படி ஒரு கதையைப் பார்த்துத் தமிழில் அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்குக் கூசியது. கடைசியில் இங்கிலீஷ் மேல் பழியைப் போட்டு, 'ஏழு: NG' என்று அடித்து அனுப்பிவிட்டு, ஷிப்டுக்கு ஓடினார்.

கம்பெனி கேட்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதற்குமுன் ஓட்டை அனுப்பினார். இருப்பதிலேயே மட்டமான ஆறுக்குப் போட்டு மற்றவர்களைக் கவிழ்ப்பது என்றுதான் திட்டம். ஆனால் கேட்டில் நின்றபோது அந்தப் பாயின் சூடு ஞாபகம் வந்துவிட்டது. விரல் போய் ஏழாம் நம்பரை அழுத்திவிட்டது. 'போகட்டும், ஒரு ஓட்டுதானே, மிச்சத்தை என்.ஜி. பார்த்துக்கும்' என்று உள்ளே போனார்.

ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்தார். வாய்ஸ் மெசேஜ்களாகக் குவிந்து கிடந்தன. காதில் இயர்போனை மாட்டினார். முதலில் தாயாரம்மாள்.

"ரைட்டரு சாரு ஏயாம் நம்பருக்கு இங்கிலீஷ்ல இன்னாவோ போட்டுக்கீறாரே, இன்னா அது? பிரியல எனக்கு."

அடுத்து பாண்டிச்செல்வியின் குரல்.

"அதாம்மா, என்.ஜி. நல்லா கீது! உங்க பேச்சத்தான் சுருக்கிப் போட்டிருக்காவ."

தளவாய் சீட்டில் நிமிர்ந்தார். அடுத்து ஜீவானந்தம்.

"யக்கா, கம்பெனில என்.ஜி.ன்னா நோ குட்டுக்கா. பீஸைத் தூக்கி செவப்பு டப்பால கடாசிடுவாங்க."

"அது கம்பெனியில தம்பி. இவ்ளோ அழகான கதையத் தூக்கி செவப்பு டப்பால போடுத ஆளா எங்க வீட்டுக்காரரு? நீயே சொல்லு."

"அட, ஆமாங்க்கா. அண்ணன் போயி அப்டி சொல்லுவாரா? நல்லா கீதுதான்!"

மறுபடி தாயாரம்மாள். "தெக்கத்திக்காரரு நம்ம பேச்சுல எயுதிக்கீறாரும்மா! என் ஓட்டு ஏயுக்குத்தான், எங்க வூட்ல எல்லா ஓட்டும் ஏயுக்குத்தான்!"

அதற்குக் கீழே குரூப் முழுக்கக் கைதட்டல் படங்கள். 'NG', 'NG', 'NG' என்று தெருவே ஏழாம் கதைக்கு வரிசையாகப் போட்டிருந்தது. தளவாய் 'இல்லை' என்று அடித்தார். அழித்தார். 'தவறான' என்று அடித்தார். அதையும் அழித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். "ஏட்டி, என்.ஜி.ன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியாம? நீங்கதான சொல்லித் தந்தீய. நோ குட்டு." அவள் போனை எடுத்தாள். "குரூப்ல சொல்லிருதேன். எங்க வீட்டுக்காரரு அந்தக் கதைய மட்டம்னுதான் சொன்னாகன்னு."

"வேண்டாம்! வேண்டாம்!"

"அப்ப நல்லா கீதா?"

"நல்லா... கீது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் பாய் விரித்து, பஜ்ஜி போட்டு முடிவை அறிவித்தார்கள்.

"ஒரே கதைக்கு இவ்வளவு ஓட்டு விழும்னு நானே நினைக்கல," என்றார் ஷாரோன் டீச்சர், எந்த நம்பருக்கு எத்தனை ஓட்டு என்று லிஸ்டைப் படித்துவிட்டு. "ஏழாம் நம்பர். எழுதினவங்க எழுந்து வாங்க."

தளவாய் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் யார் எழுந்திருப்பது என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தான். பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையல் சத்தம். பாண்டிச்செல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தளவாய்க்கு வாய் மூடவில்லை. எழிலரசி ஓடிவந்து பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வூட்டப் பத்தி எயுதிக்கீறக்கா நீ," என்றாள். ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்வீட்டிலிருந்து தளவாய் காதுக்கு இத்தனை நாளாக வந்ததெல்லாம் பைக் சத்தம் மட்டும்தான். அதே ஜன்னல் வழியாகத்தான் இவளும் பார்த்திருக்கிறாள். என்ன கண் இவளுக்கு! வயிற்றெரிச்சல் எப்போது போனதென்று தெரியவில்லை. நெஞ்சு நிறைந்து, இவள் என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"யார் எழுதினதுன்னு தெரியாமலே இதோட அருமையை முதல்ல சொன்னவர் ரைட்டர் சார்தான்," என்றார் டீச்சர். "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

தளவாய் எழுந்தார். "நல்ல சரக்குன்னா... கையில எடுத்ததுமே தெரிஞ்சிரும்," என்றார். சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்கியம் மட்டும் கலப்படமில்லாத உண்மை. கைதட்டல் பலமாக இருந்தது.

சால்வையோடு அவள் முன்னால் இறங்க, மிச்ச பஜ்ஜியோடு அவர் பின்னால் இறங்கினார். படிக்கட்டில் அவருக்கு மனசு தாங்கவில்லை.

"ஏட்டி, நானும் ஏழுக்குத்தான் போட்டேன்."

அவள் நின்றாள். "என்.ஜி.ன்னு எழுதிட்டு, ஓட்டு மட்டும் ஏழுக்கா?"

"எழுதினது பொறாமை. ஓட்டுப் போட்டது நான். சத்தியமாச் சொல்லுதேன், அப்படி ஒண்ண எனக்கு எழுத வராது."

அவள் முகம் மலர்ந்தது. அந்தத் தைரியத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சபதத்தப் பத்தி யோசிச்சேன். விட்டுரலாம்னு இருக்கேன். டீச்சர் லிஸ்ட் படிச்சாங்கல்லா, எனக்கும் ஒரு ஓட்டு விழுந்திருக்கு. ஒண்ணுன்னாலும் ஓட்டுதான். இந்தத் தெருவுல யாரோ ஒரு ஆளு அந்த ரோபோவ நெனச்சு உருகியிருக்கான். அந்த ஒருத்தனுக்காகவாவது நான் எழுதணும்."

பாண்டிச்செல்வி சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"அது நாந்தாங்க. எங்கதைக்கு நானே போடக் கூடாதுன்னுட்டாவ, வேற என்ன செய்ய?"