பிக்கரிங் வாசலில் ஒரு பிரெஞ்சுப் படம்

டொரொன்ரோவில் சினிமா தெரிந்த தமிழர் ஒருவர்தான் இருக்கிறார். அதைச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் டோர்செட் பார்க் பகுதியில் அவரைப் பாரிஸ் அண்ணை என்போம். இளமையில் பாரிஸில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவியவர். குளிருக்கு ஒதுங்கத் தியேட்டருக்குள் போய், இயக்குநராக வெளியே வந்ததாகச் சொல்வார். நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்து, தன்னைப் பேட்டி காணும்படி அவரே கேட்டார். போனேன். கேள்விகளையும் அவரே தந்தார்.

அதுவரை அவர் எடுத்திருந்தது ஒரேயொரு குறும்படம். மகள் ஷாமினியின் கல்யாணக் கார்டில் தன் பெயருக்கு முன்னால் ‘இயக்குநர்’ என்று போடச் சொன்னார். சம்பந்தியின் பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’ இருந்ததுதான் காரணம். ஷாமினி வெறும் பெயரைப் போட்டாள். கல்யாணத்தன்று அவர் கோட் சூட்டுடன் மண்டபத்துக் கார் தரிப்பிடம்வரை வந்து, காருக்குள்ளேயே இருந்தார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். அவர் வந்திருப்பதே ஒருவருக்கும் தெரியாது. கெட்டிமேளம் காருக்குள் கேட்டது. அதன்பிறகு மகள் அவரோடு கதைக்கவில்லை. மனைவியும் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்.

அதையே படமாக்கத் தொடங்கினார்; கமெரா பிடிக்க நான். தலைக்கனம் பிடித்த தகப்பன் கடைசியில் மகளின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான்.

“இது பிரெஞ்சுப் படம்” என்றார்.

“அண்ணை, எல்லாரும் தமிழெல்லோ கதைக்கினம்?”

“கதைக்கிறது தமிழ்தான். கதைக்காமல் இருக்கிறதெல்லாம் பிரெஞ்சு.”

தகப்பனாக நடிக்க வந்த எவரும் தேறவில்லை. வீடு விற்கும் முகவர் ஒருவர் முழங்காலில் விழுந்து கண்ணீர் விட்டார். “தம்பி, நீர் மன்னிப்புக் கேக்கேல்லை. வீடு விக்கிறீர்” என்று அண்ணை அவரை அனுப்பிவிட்டார். மேடை நாடகக்காரர் ஒருவர் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டார் அம்புலன்ஸையே கூப்பிட்டுவிட்டார்கள்.

“அப்ப நீங்களே நடியுங்கோவன்” என்றேன்.

கொஞ்ச நேரம் பிரெஞ்சில் இருந்தார். பிறகு, “நல்ல வாசல் ஒண்டு வேணும். பிக்கரிங்கில ஒரு வீடு இருக்கு” என்றார்.

“மகள்ட வீடோ?”

“நான் மகளிட்டப் போகேல்லை, ஐசே. லொக்கேஷன் பாக்கப் போறன்.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். கமெரா என் தோளில். கதவைத் திறந்த ஷாமினி தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு கமெராவை.

“வாட் இஸ் திஸ், அப்பா?”

“ஷூட்டிங். நீ சும்மா நிண்டால் காணும்.” செருமிக்கொண்டு வசனத்தைச் சொன்னார்: “என்னில பிழைதான், பிள்ளை. நான் உள்ளுக்கு வந்திருக்கோணும்.”

ஷாமினி கைகளைக் கட்டிக்கொண்டாள். தகப்பனின் அதே மூக்கு, அதே நிமிர்வு.

“நல்லா இல்லை. வன் மோர் டேக்” என்றாள்.

திரும்பச் சொன்னார்.

“டூ மச் அக்டிங், அப்பா. அகெய்ன்.”

கோப்பிக் கடை வரிசையில்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், ஒரு வார்த்தை எதிர்க்காமல் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் இறங்கியது. கடைசியில் “என்னில பிழைதான்” வரைக்கும்தான் வந்தது. மிச்சம் வரவில்லை. ஷாமினி வாசலை விட்டு விலகி நின்று வழிவிட்டாள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: “வாசல்ல நிண்டு நடிச்சது காணும். எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ, இடியப்பம் ஆறுது!”

அந்தக் காட்சி சரிவரவில்லை என்று பாரிஸ் அண்ணை இப்போதும் சொல்கிறார். அதனால் படம் முடியவில்லை. ஞாயிறு தவறாமல் மீள் படப்பிடிப்பு என்று சொல்லிப் பிக்கரிங் போய்வருகிறார். அவருடைய கமெரா என் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. இன்றுவரை நான் அதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை.