மின்தூக்கி செவ்வனே இயங்கி வருகிறது

பெருமதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண் குறட்டை விடுவதை நிறுத்திவிட்டாள், அல்லது எனக்குப் பழகிவிட்டது. உங்கள் நலத்தையும் அத்தையின் முழங்காலையும் விசாரிக்கத்தான் ஆசை. ஆனால் உங்கள் ஆஸ்பத்திரியின் நலத்தை நேற்று முற்பகல் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சரே எழுந்து நின்று வாசித்துவிட்டார். அவர் வாசித்தது நீங்கள் எழுதியதை. பதறாதீர்கள் மாமா. முழுவதும் படித்துவிட்டு மொத்தமாகப் பதறிக்கொள்ளலாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா, வச்சிடவா?" என்பீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு முடிந்துவிடும். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. மாலையில் எங்கள் ஓட்டுநர் அண்ணன் உங்கள் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் எனக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம் நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை, எலும்பு வார்டோ மூன்றாம் மாடியில் இருக்கிறது, கால் உடைந்தவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், தூக்கியவர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு அவரையும் அதே நாற்காலியில் தூக்க வேண்டியதாயிற்று என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். அத்தையின் கதை கடைசிப் பக்கத்தில் இருந்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு மூன்றாம் மாடிக்கு வந்து பதிவு செய்யச் சொன்னார்களாம். அத்தை படிக்கட்டின் அடியில் நின்று, "மூணு மாடி ஏறிப்போற காலு இருந்தா எனக்கு எதுக்குய்யா ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். படித்துவிட்டு விடுதியே பார்க்கும்படி சிரித்தேன். அப்புறம் அத்தை காலை நீட்டிப்போட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே காய் நறுக்குவது கண்முன் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் வேலை செய்யும் இடம் உங்களுக்குத் தெரியும். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சபாநாயகர், காபி கொண்டு வருகிறவர் எல்லோருக்குமே அவர் டீச்சர்தான். அமைச்சர்களைக் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அறையில் யார் யாருக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தாலும், வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிடுவார். முப்பது வருட வகுப்பறைக் கை, தானாக நீளும். அதனால் நாங்கள் யாரும் சீட்டே எழுதுவதில்லை. நான் பேசுவதும் இல்லை. நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் என் மேசை இருப்பதால், முதல் மாதம் முழுக்க நான் வேலைக்குச் சேர்ந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட நான், ஒரு நாள் மதியம் அறையில் யாரும் இல்லாதபோது, உங்கள் லிஃப்டைப் பற்றி ஒரு கேள்வி தட்டச்சு செய்து டீச்சரின் கோப்பில் செருகிவிட்டேன். (அ) அந்த மருத்துவமனையின் மின்தூக்கி இயங்குகிறதா? (ஆ) இல்லையெனில் எத்தனை மாதங்களாக? (இ) அதற்குப் பொறுப்பான ஊழியரின் பெயரும் பதவியும் யாவை? (ஈ) எப்போது சரிசெய்யப்படும்? இந்த (இ) எனக்கே மிகவும் பிடித்திருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வியர்த்து நிற்பது போல நினைத்துப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் படித்துவிட்டு, "யாரு எழுதினது? அந்த 'இ'ல நல்ல அடி இருக்கு" என்றார். நான் இயந்திரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

கேள்வி எங்கெல்லாம் போனது என்பது பதிலோடு வந்த கடிதக் கட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அமைச்சர் அலுவலகம் அதைச் செயலாளருக்கு அனுப்பி 'அவசரம்' என்று எழுதியிருக்கிறது. செயலாளர் இயக்குநருக்கு 'மிக அவசரம்' என்று தள்ளியிருக்கிறார். இயக்குநர் மாவட்டத்துக்கு 'மிக மிக அவசரம்' என்று தள்ள, மாவட்டம் உங்கள் கண்காணிப்பாளருக்கு அனுப்பிச் சிவப்பு மையில் கோடும் போட்டிருக்கிறது. கண்காணிப்பாளர் எழுதியது ஒரே சொல்: 'பார்க்க.' உங்கள் தலைமை எழுத்தர் அதன் கீழே 'ஆவன செய்க' என்று எழுதி உங்கள் மேசையில் வைத்துவிட்டார். கடைசி மேசை எழுத்தரான உங்களுக்குக் கீழே தள்ள ஆள் இல்லை. கேள்வி கேட்டது நான் என்று உங்களுக்குத் தெரியாது, பதில் எழுதப்போவது நீங்கள் என்று எனக்குத் தெரியாது. 'இல்லை' என்று எழுதினால் (ஆ), (இ), (ஈ) மூன்றையும் நிரப்ப வேண்டும். அதிலும் (இ)-யில் ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும். அந்த அறையில் எழுதக்கூடிய பெயர் உங்கள் ஒருவருடையதுதான். 'ஆம்' என்று எழுதினால் ஒரே வரியோடு முடிந்துவிடும். நானாக இருந்தாலும் 'ஆம்' என்றுதான் எழுதியிருப்பேன் மாமா. அந்த அடி உங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது, போட்டது நான்.

நேற்று கேள்வி நேரத்தில் நான் மேலே பார்வையாளர் வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மின்தூக்கி குறைவின்றிச் செவ்வனே இயங்கி வருகிறது எனப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று வாசித்தார். இந்த வரியை நான் முன்பே படித்திருக்கிறேன். நம் வீட்டில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நீங்கள். அதில் 'உடல்நிலை' என்ற கட்டத்தில் 'குறைவின்றிச் செவ்வனே இயங்கி வருகிறது' என்று எழுதினீர்கள். உலகத்தில் அப்படி எழுதுகிற ஆள் ஒருவர்தான். பதிலோடு வந்த கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன், உங்கள் கையெழுத்தேதான். 'ற'வுக்கு வால் சுழித்து அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

டீச்சர் எழுந்து, "லிஃப்ட் ஓடுதுன்னு சொல்றீங்க. நீங்க ஏறிப் பாத்தீங்களா?" என்றார்.

"நான் ஏறலைங்க டீச்சர். ஆனா பேப்பர்ல இருக்கு."

"பேப்பர்ல ஏறி யாராவது மூணாவது மாடிக்குப் போக முடியுமா?"

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்துக்கொண்டே, "டீச்சர் கிட்ட ஆதாரம் இருந்தா குடுக்கட்டும், இல்லைன்னா மன்னிப்பு கேக்கட்டும்" என்றார். டீச்சர் தலையை நிமிர்த்தி மேலே என்னைப் பார்த்தார்.

ஆதாரம் என் கைப்பையில்தான் இருந்தது, நீங்கள் எழுதிய நான்கு பக்கம். அதைக் கொடுத்தால் இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து என்பது அமைச்சருக்கே தெரிந்துவிடும், உங்கள் வேலை போய்விடும். கொடுக்காவிட்டால் டீச்சர் பொய்க்காரி ஆகிவிடுவார், அத்தை படிக்கட்டின் அடியிலேயே நிற்பார். ஒரு துண்டுச்சீட்டு எழுதி அவைப் பணியாளரிடம் கொடுத்தனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் டீச்சரின் பழக்கம் ஞாபகம் வந்தது. வாங்கினார், பிரித்தார், ஒலிவாங்கிக்கு முன்னால் முழுவதையும் படித்தார்: "லிஃப்ட் ஓடவில்லை. ஆதாரம் என்னிடம் இருக்கிறது. ஆனால் தரமாட்டேன். மன்னிக்கவும்."

மாமா, அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. ஆளுங்கட்சிக்காரர்கள்கூட மேசையைத் தட்டினார்கள். இருநூறு தலை ஒரே நேரத்தில் மேலே திரும்பியது. நகல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. சபாநாயகர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை அமைச்சரும் டீச்சரும் நேரில் போய் அந்த லிஃப்டில் ஏற வேண்டும். ஓடாவிட்டால் அமைச்சர் அவையில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஓடினால் டீச்சர் கேட்க வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரைக் காப்பாத்துற?"

"எங்க மாமாவை."

"அவர் என்ன பண்ணினாரு?"

"பதில் எழுதினாரு."

"உனக்கு லிஃப்ட் ஓடலைன்னு யாரு சொன்னது?"

"அதுவும் மாமாதான்."

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார். "கேள்வியும் உங்க வீடு, பதிலும் உங்க வீடு. நடுவுல நானும் அமைச்சரும் எதுக்கும்மா? நீங்களே வீட்டுல பேசி முடிச்சுக்கக் கூடாதா?" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்கவில்லை. சபாநாயகர் அறைக்குப் போய், (இ) பகுதியைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இனி யாருடைய பெயரையும் யாரும் எழுத வேண்டாம்.

ஆகவே மாமா, நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு திருத்தம் எழுதுங்கள். 'முன்னர் அனுப்பிய பதில் கவனக்குறைவால் நேர்ந்தது, மின்தூக்கி பதினோரு மாதங்களாக இயங்கவில்லை' என்று எழுதினால் போதும். பயப்படாதீர்கள், உங்களைத் தொட யாரையும் விடமாட்டேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார், அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தச் 'செவ்வனே'யை மட்டும் இனி வாழ்நாளில் ஓடாத எதைப் பற்றியும் எழுதாதீர்கள், எனக்குச் சத்தியம் செய்து கொடுங்கள். வியாழக்கிழமை அத்தையை லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அமைச்சர் வந்ததும் படிக்கட்டின் அடியில் சொன்ன அதே வரியை மறுபடி சொல்லட்டும், வேறெதுவும் வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு, குட்டிகளுக்கு முத்தம், முதுகு பிடித்துக்கொண்ட அந்த அண்ணனுக்கு என் விசாரிப்பு. உங்கள் ஆசீர்வாதத்தை ஓட்டுநர் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தனுப்புங்கள், இப்போது எனக்கு அது அவசரமாகத் தேவை.

என்றும் உங்கள் சொல் மீறாத (நேற்று தவிர),
மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தை போன் செய்தார். "பாப்பா, லிஃப்ட் ஓடுதுடி!" நேற்று பிற்பகலே நான்கு மெக்கானிக்குகள் வந்து இறங்கினார்களாம். பதினோரு மாதம் கிடைக்காத உதிரிப்பாகம் பதினோரு மணி நேரத்தில் கிடைத்ததாம். "நாலு தடவை மேல போயிக் கீழ வந்தேன். லிஃப்ட்காரர் எறங்கச் சொல்றாரு, நான் ஏன் எறங்குறேன்? அஞ்சாவது தடவை மூணாவது மாடியில எறங்கிப் பதிஞ்சிட்டு வந்துட்டேன். வர்ற செவ்வாக்கிழமை ஆபரேஷன். உங்க மாமா லிஃப்ட் வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஓடுதுன்னு நான் அப்பவே எழுதினேன்ல'ன்னு வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு."

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். திருத்தம் எழுதினால் இப்போது அதுதான் பொய்யாகிவிடும். வியாழக்கிழமை மன்னிப்புக் கேட்க வேண்டியவர் டீச்சர்தான். பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். "ஒரு வரிதானே, கேட்டுடலாம். எத்தனை பிள்ளைங்களைக் கேக்க வச்சிருக்கேன்" என்றார். என் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "அந்த ஆஸ்பத்திரியில வேற என்னென்ன ஓடலைன்னு உங்க மாமாகிட்டக் கேளு" என்றார்.

எக்ஸ்ரே இயந்திரம், இரண்டாம் மாடித் தண்ணீர்க் குழாய், பிரசவ வார்டின் மூன்று மின்விசிறிகள். உங்கள் நான்கு பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. விட்டுப்போனதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்விகள் நாளை கிளம்பும், உங்கள் மேசைக்கு வந்துசேர மூன்று வாரம் ஆகும். பதில்களை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள் மாமா. எல்லாம் குறைவின்றிச் செவ்வனே இயங்கி வரட்டும்.