ஆடு வளர்ப்போருக்குப் பயனுள்ள நூல்

"தடை இல்லையாம்!" நாவலாசிரியர் உறையை மேஜைமேல் ஓங்கி அடித்தார். "என் நாவலுக்குத் தடை இல்லையாம்!"

"நல்லதுதானே?" என்றாள் மனைவி. "அச்சுக்குக் கொடுத்துட்டு அக்கடான்னு இருங்க."

"நல்லதா? இதைப் படி."

தணிக்கை அலுவலக முத்திரைக்கு மேலே ஒரே வரி: 'ஆடு வளர்ப்போருக்குப் பயனுள்ள நூல்.'

சிரிப்பை அடக்க அவள் படாதபாடு பட்டாள். ஆறு வருட உழைப்பு. அச்சிட்ட தாளையெல்லாம் ஓர் ஆட்டுக்குத் தின்னக் கொடுக்கும் நாட்டின் கதை அது. மக்கள் வாயில் சொற்கள் குறையக் குறைய, ஆடு கொழுத்துக்கொண்டே போகும்.

"அந்த ஆடுதான் தணிக்கை! இதுகூடப் புரியாதவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

"புரியாத வரைக்கும் நமக்கு நல்லதுங்க."

அதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் வேலை நடக்கும் விதம் எளிமையானது. சுருக்கம் எழுதும் அம்மாள் பிரதி முழுவதையும் படித்து ஒரு வரி எழுதுவார். அதிகாரி அந்த வரியை மட்டும் படித்து முத்திரை குத்துவார். மாதத்துக்கு நாற்பது புத்தகம் வந்தால் மனிதர் வேறென்ன செய்வார்?

"வாங்க, வாங்க!" அதிகாரி எழுந்தே நின்றார். "எங்க மச்சான்கூட ஆடு வச்சிருக்கார். அச்சானதும் ஒரு பிரதி கிடைக்குமா?"

நாவலாசிரியருக்கு உச்சந்தலை கொதித்தது. "சார், அது ஆடில்லை."

"பின்னே, செம்மறியா?"

"குறியீடு!"

"அது எந்த ஊர் ரகம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். "ஆடு என்ன பண்ணுது? தாளைத் தின்னுது. நீங்க என்ன பண்றீங்க? தாளை வெட்டுறீங்க. அப்போ ஆடு யாரு?"

அதிகாரி யோசித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "நானா?"

"அப்பாடா!"

சிவப்புப் பென்சில் வெளியே வந்தது. ஆடு வந்த இடமெல்லாம் கோடு விழுந்தது.

"சார், சார்! வேணும்னா மாடுன்னு மாத்திடறேன்."

"மாடு யாரு? அமைச்சரா?" மாடு பிறக்கும் முன்பே செத்தது. அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இந்த மூடி போட்ட கிணறு மட்டும் இருக்கட்டும். பாவம், அது என்ன பண்ணிச்சு?"

இங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். மனம் ஆறவில்லையே!

"வெறும் கிணறா? ஜனங்களோட வாய் சார் அது!"

கிணறு போயிற்று.

"மழை?"

"விடுதலை!" என்று கத்தினார். மழையும் போயிற்று.

முந்நூறு பக்கத்தில் கடைசியில் மிஞ்சியது அவருடைய முகவரி.

"அது இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "தேவைப்படும்."

சிவந்துபோன தாள்கட்டை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவர், நடைவழியில் சுருக்கம் எழுதும் அம்மாளைக் கண்டதும் பொங்கிவிட்டார். "எல்லாம் உங்களால வந்த வினை! ஒரு தடவையாவது படிச்சீங்களாம்மா?"

அந்த அம்மாள் அதிகாரியின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு தடவை படிச்சேன் சார், போன மாசம் சிறையை உடைக்கிற கதை ஒண்ணு வந்தது, 'பூட்டு ரிப்பேர் கையேடு'ன்னு எழுதினேன், அதை எழுதின மனுஷன் வாயைத் திறக்காம வாங்கிட்டுப் போய் அச்சடிச்சிட்டார்."