தேம்ஸ் கரையில் ராகு காலம்

கார் ஓட்டப் பழக்கிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் அத்தனை பேரும் பிழையாக ஓட்டுகிறார்கள், தான் ஒருவன்தான் சரி என்ற எண்ணம். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாமிலும் பிளேஸ்டோவிலும் என்னிடம் பழகாத தமிழ் வீடு குறைவு. வீதியில் நட்டிருக்கிற ஒவ்வொரு பலகையையும் வாசிக்க வேணும், வாசிக்காதவன் குருடன் என்று பழக வருகிற பிள்ளைகளுக்கு ஓதி ஓதியே என் தொண்டை வற்றிப் போயிருந்தது. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், என் காரை ஆற்றுக்குப் பறிகொடுத்தேன். (ஓட்டிக்கொண்டு போய் இறக்கவில்லை. நிறுத்தித்தான் வைத்தேன். ஆறுதான் வந்தது. இந்த வித்தியாசத்தை இன்சூரன்ஸ்காரனுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு தனிக்கதை.)

என் ஒரே மகள் நிலானி, ஜேம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பொடியனை விரும்பியிருந்தாள். நான் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். என் மனைவி பத்மா முதல் கிழமையே கட்சி மாறிவிட்டாள். பொடியன் சமைக்கிறான், பாத்திரமும் கழுவுகிறான், இதைவிட யாழ்ப்பாணத்தில் எங்கே போய்த் தேடப் போகிறீர்கள் என்பது அவளுடைய வாதம். (அடி யாருக்கு விழுகிறது என்பது எனக்கு விளங்காமல் இல்லை.) கடைசியில் ஜேம்ஸின் தாய் தகப்பனைச் சந்திக்க ஒப்புக்கொண்டேன். அவர்கள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து இதற்காகவே ரயில் ஏறி வருவதாக ஏற்பாடு. இடம், மேற்கு லண்டனில் தேம்ஸ் கரையோரம் ஒரு பழைய பப். மேசை ஐந்து மணிக்கு.

முதல் நாள் நிலானி போன் எடுத்தாள்.

"அப்பா, ஜேம்ஸின்ட அம்மாவும் உங்களைப் போலத்தான், அரை மனசோடதான் வாறா. நாளைக்கு இது சரிவரேல்லை எண்டா நான் இனி ஒருத்தரையும் கேக்க மாட்டன். ப்ளீஸ், நேரத்துக்கு வாங்கோ."

நேரத்துக்குப் போவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எந்த நேரத்துக்கு என்பதில்தான் பிரச்சினை. எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடைக்காரர் தந்த கலண்டர் ஒன்று தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் என்று அதில் சிவப்பில் போட்டிருந்தது. பெற்ற மகளின் கலியாணப் பேச்சை ராகு காலத்தில் தொடங்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? பிள்ளைக்குச் சொன்னால் சண்டை வரும். ஆகவே யாருக்கும் சொல்லாமல் ஒரு திட்டம் போட்டேன். நாலரைக்கு முன்னரே பப்புக்குள் கால் வைத்துவிடுவது.

திட்டத்தில் பிழை இல்லை. என் காரில்தான் பிழை. கார் பழக்குகிறவனின் காரில் பக்கத்து ஆசனத்துக்கும் ஒரு பிரேக் இருக்கும். அந்த ஆசனத்தில் பத்மா இருந்தாள். நான் ஜேம்ஸைப் பற்றி ஏதாவது முணுமுணுக்கும் போதெல்லாம் அவள் பிரேக்கை மிதித்தாள். ஈஸ்ட் ஹாமில் தொடங்கி லண்டனைக் குறுக்கறுத்து மேற்கே வந்து சேர்ந்தபோது நாலரை தாண்டிவிட்டது.

"அப்ப ஆறு மணி வரைக்கும் இறங்கேலாது" என்றேன்.

பத்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்கட ராகுவுக்கு இந்த நாட்டில ஆர் விசா குடுத்தது?"

பப்புக்கு நேரே முன்னால், ஆற்றை ஒட்டிய தெருவில், நிறைய இடம் காலியாகக் கிடந்தது. லண்டனில், ஞாயிற்றுக்கிழமை, காசில்லாமல் கார் நிறுத்த இடம்! மூளை உள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். கம்பத்தில் பலகையும் இருந்தது. நான் அதை வாசிக்காமல் இல்லை. பெருக்கு நேரத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று எழுதியிருந்ததைப் பத்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டி, இது மாரிகாலத்துக்கு உரியது, இப்போது ஜூன் மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை என்று விளக்கமும் கொடுத்தேன். என்ன செய்வது, நான் ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் கிணற்றில் இருந்தது. அள்ளினால்தான் மேலே வரும்.

ஐந்து மணிக்கு நிலானி போன் எடுத்தாள். சரியான ட்ரபிக் பிள்ளை, அசைய ஏலாமல் கிடக்குது என்றேன். சரியப்பா என்று வைத்துவிட்டாள். அவள் பப்பின் மாடத்தில், என் காரின் கூரையில் இருக்கிற பெரிய லேர்னர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் பேசினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெயில் சுகத்தில் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். பத்மா உலுக்கி எழுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு அன்னம் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீரே" என்றேன் பெருமையாக. "அன்னம். இதைவிட நல்ல சகுனம் வேற வேணுமே?"

"இஞ்சருங்கோ, அது நீந்துது."

அப்போதுதான் என் கால் நனைந்தது. புதுச் சப்பாத்துக்குள் தேம்ஸ் நதி குளிர்ச்சியாக நுழைந்தது. சாவியைத் திருப்பினேன். கார் ஒரு தரம் இருமிவிட்டு உயிரை விட்டது. பத்மா கதவைத் திறந்து, கூறைப் பட்டுக்கு அடுத்தபடியாக அவள் போற்றுகிற நீலச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயல் வரப்பில் நடப்பது போல் நடந்து போய்விட்டாள். நான் அசையவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்பதை இப்போது சொல்கிறேன். அன்று அது எனக்கு இந்து சமுத்திரமாகத் தெரிந்தது. எனக்கு நீந்தத் தெரியாது, கையில் வேறு பத்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்ட பயத்தம் பணியாரமும் முறுக்கும் நிறைந்த தகரப்பெட்டி.

பப்பை நடத்துகிற டொனா என்ற பெண்மணி ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல மனம். அவளுக்குப் பின்னால் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஜேம்ஸ். டொனா ஜன்னலில் தட்டி, கடல் பெருகினால் இந்த ஆறும் தெருவுக்கு ஏறும், வருஷத்துக்கு நாலு பேராவது இப்படி அகப்படுகிறார்கள், ஆனால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான் கண்ணா என்றாள். மாடத்தில் இருந்த சனமெல்லாம், கூரைப் பலகையைப் பார்த்து, ஓட்டப் பழகும் யாரோ ஒரு அம்மா பின்னுக்கு எடுக்கப் பயந்து அழுதுகொண்டு இருக்கிறா என்று பரிதாபப்பட்டுக்கொண்டு இருந்ததாம்.

ஜேம்ஸ் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். நிலானி அவனுக்கு வரவேற்பதற்கென்று நாலு தமிழ்ச் சொற்கள் பழக்கியிருந்தாள். அதில் மூன்றை அவன் அந்த நேரத்தில் கண்டுபிடித்தான்.

"வாங்கோ மாமா. இருங்கோ."

இருந்தேன். மாதக்கணக்கில் எவனை வேண்டாமென்று நின்றேனோ, அவனுடைய முதுகில், கழுத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையில் பணியாரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேம்ஸைக் கடந்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா? மெதுவாக, இடது பக்கம் கவனம், கல்லு வருகுது, வேகத்தைக் குறை என்று அவன் காதுக்குள் பாடம் நடத்திக்கொண்டே போனேன். அவன் ஒவ்வொன்றுக்கும் ஓம் மாமா, ஓம் மாமா என்றான். (ஓம், அவனுக்குத் தெரிந்த நாலாவது சொல்.) மாடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இத்தோடு மானம் போனது போதும் என்று வேறொருவன் விட்டிருப்பான். நான் பப்பின் வாசற்படியில் இறங்கி நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, ஆறு மணிக்கு முன்னர் உள்ளே வர ஏலாது என்று அறிவித்தேன். காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது.

நிலானியின் முகம் வெளிறிவிட்டது. ஜேம்ஸின் தாய் மார்கரெட் வாசலுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றா. மெலிந்த, கண்டிப்பான முகம். என்ன விஷயம் என்று கேட்டா. என் பிள்ளை ராகு என்ற கிரகத்தைப் பற்றி, ஒரு வெள்ளைக்கார மாமியாருக்கு, ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். தனக்காகத்தான் அப்பா காத்துக்கொண்டு இருந்தார், தனக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தப் படியிலேயே கரைந்துபோய் ஆற்றோடு போய்விட வேண்டும் போல் இருந்தது. எல்லாம் முடிந்தது, என் விசர்க்குணத்தால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டது என்றே நினைத்தேன்.

மார்கரெட் கட்டியிருந்த கையை அவிழ்த்து, வாசலைத் தாண்டி வெளியே வந்து, எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தா. காலையில் ரயில் நிலையத்தில் ஒற்றை மக்பையைக் கண்டதாகச் சொன்னா. மக்பை என்பது இங்கே உள்ள கறுப்பு வெள்ளைப் பறவை. அது தனியாகக் கண்ணில் பட்டால் கூடாதாம். சலாம் போட்டு வணக்கம் சொன்னால்தான் தோஷம் போகுமாம்.

"மூன்று தரம் சலாம் போட்டேன்" என்றா மெல்லிய குரலில். "ரயில் முழுக்க என்னைப் பார்த்தது. இன்றைக்கு இது நல்லபடி முடிய வேண்டுமே என்று பயம்."

நான் அந்த அம்மாவைக் கும்பிடாத குறை. அவவின் கணவர் கீத் பின்னாலிருந்து, இவள் புதுச் சப்பாத்தை மேசையில் வைக்கக்கூட விடமாட்டாள், அதுவும் தோஷமாம் என்று போட்டுக்கொடுத்தார். சப்பாத்துக்கு மேசையில் என்ன வேலை என்று பத்மா கேட்க, எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். நிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

டொனா அதற்குப் பிறகு செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். உள்ளே வரக்கூடாது என்றால் பரவாயில்லை, முற்றம் உள்ளே இல்லைத்தானே என்று சொல்லி, எங்களுக்காக வைத்திருந்த மேசையை ஆள் வைத்துத் தூக்கி வெளியே போட்டாள். எனக்குப் போர்வை வந்தது. சமையல்காரருடைய கட்டம் போட்ட காற்சட்டையும், பியர் விளம்பரம் அச்சடித்த ரீசேட்டும் வந்தன. அதை வேலிக்குப் பின்னால் நின்று மாற்றினேன். கொதிக்கக் கொதிக்க சூப்பும் புளிக்கிற வினாகிரி தெளித்த சிப்ஸும் வந்தன. விஸ்கியில் தேனும் தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சுடச்சுட ஒரு கிளாஸ் தந்து, நனைந்து பிடிக்கிற தடிமனுக்கு மருந்து என்றாள். மகளுக்கு முன்னால் ஒரு நாளும் குடிக்காதவன் நான். மருந்துதானே. (பத்மாவின் கணக்கில் மூன்று கிளாஸ். என் கணக்கில் ஒன்று, மூன்று முறை.)

ஆறு மணியானபோது மாடத்தில் இருந்த மொத்தச் சனமும் சேர்ந்து பத்திலிருந்து ஒன்றுக்கு எண்ணியது. நான் வலது காலை எடுத்து வைத்தேன். பப் அதிர்ந்தது. பிறகு ரோஸ்ட் என்று வாட்டிய இறைச்சி வந்தது. யோர்க்ஷயர் புடிங் என்ற சாமானை அன்றுதான் முதலில் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்ற மறந்துபோன அப்பம் மாதிரி இருந்தது. பத்மா கைப்பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்ததும் கீத் தன் சாப்பாட்டுக் கோப்பையையும் நீட்டினார். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. டொனா அந்தப் பலகைக்குக் கீழே நின்று எங்கள் முறுக்கை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பியருக்கு அது நல்ல பொருத்தமாம். ஆறு தன் பாட்டில் வடிந்து போனது. என் கார் சேறு பூசிக்கொண்டு தெருவில் நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

எட்டு மணி போல், வெயில் இன்னும் போகாத நேரத்தில், கீத் எழுந்து கையை நீட்டினார். சமையல்காரருடைய காற்சட்டையோடு நானும் எழுந்து அந்தக் கையைப் பிடித்தேன். கலியாணம் முடிவானது.

நாள் குறிக்கப் போன இடத்தில் ஐயர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ராகு காலத்தை அந்தந்த ஊர்ச் சூரியன் உதித்து மறைகிற கணக்கில் அல்லவா பார்க்க வேண்டும், கலண்டரில் இருப்பது ஊர்க் கணக்கு, லண்டனில் ஜூன் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ராகு ஏழு மணிக்குப் பிறகுதான் வருவார் என்றார். அதாவது நாங்கள் காருக்குள் காத்திருந்தது சுத்தமான நல்ல நேரம். கைகொடுத்துச் சம்பந்தம் பேசியது அசல் ராகு காலம். பத்மா ஐயர் வீட்டிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கலண்டருக்கு மதிப்புப் போய்விட்டது. நான் எதற்காவது நேரம் பார்க்க வெளிக்கிட்டால், அன்னம் வருகுதோ என்று கேட்கிறார்கள். ஜேம்ஸ் மட்டும் என் மனம் நோகக் கூடாதென்று லண்டன் கணக்கில் ராகு காலம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் போட்டு வைத்திருக்கிறான்.

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஆஸ்பத்திரியிலிருந்து அவன் போன் எடுத்தான். மார்ச்சில் பகலும் இரவும் சரிசமமாக இருப்பதால் ஊர் ராகுவும் லண்டன் ராகுவும் ஒன்றாகவே வருவார்கள். அவன் குரல் பயந்து பயந்து வந்தது.

"மாமா, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். ஆனா ஸொறி மாமா, ரெண்டு கணக்கிலயும் ராகு காலம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"பயப்பிடாதையும் தம்பி. எங்கட குடும்பத்துக்கு நல்ல நேரம் அதுதான்."