பின் சீட்டில் ஒரு தோட்டாப் பெட்டி

மனைவிக்குத் தெரியாமல் திட்டம் போடுகிறவன், அவள் விழித்திருக்கும் நேரத்தில் தானும் விழித்திருக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பேன்.

எனக்குக் குடிநீர் நிலையத்தில் ராத்திரி வேலை. பம்ப் ஓடும், பக்கத்தில் பிரஷர் மீட்டரில் ஒரு முள் ஆடும், முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் படுக்கும்போது எழுந்து, ஊர் எழும்போது படுக்கிறவன். சூரியனை நான் பார்ப்பது காலையில் அது டூட்டிக்கு வரும்போதும், சாயங்காலம் டூட்டி முடிந்து கிளம்பும்போதும்தான். வேறு ஷிஃப்ட் ஆளை வாசலில் பார்த்துத் தலையாட்டுவது மாதிரி ஒரு பழக்கம்.

அதனால் ஒரு சபதம் எடுத்தேன். லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் கடல் வரை போய், நட்டநடுப் பகலில் கடலைப் பார்ப்பது. தனியாக.

அந்தத் 'தனியாக'வில்தான் சிக்கல். மனைவி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவள் பின்னால் உட்கார்ந்தால் வண்டியை ஓட்டுவது நான் இல்லை. "பள்ளம்", "நாய்", "லாரிக்காரன் பார்க்கல", "நீங்களும் பார்க்கல" என்று என் தோள் வழியாக அவளே ஓட்டிவிடுவாள். சரி, 'நீ வர வேண்டாம்' என்று சொல்லலாம். சொன்ன கணவர்கள் எங்கேயாவது இருக்கலாம். விசாரித்த வரையில் கிடைக்கவில்லை.

எனவே நான் சொல்லக் கூடாது, வண்டி சொல்ல வேண்டும், இடமில்லை என்று.

பழைய இரும்புக் கடையில், ராணுவம் கழித்துக் கட்டிய தோட்டாப் பெட்டிகள் மலை மாதிரி கிடந்தன. பச்சைப் பெயின்ட், மஞ்சள் எழுத்து, கைப்பிடி, அழுத்தினால் 'டப்' என்று பூட்டும் கொக்கி. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. மூடினால் தண்ணீர் மட்டுமல்ல, தண்ணீர் என்ற எண்ணம்கூட உள்ளே போகாது. மூன்று வாங்கினேன். இரண்டு, வண்டியின் இரு பக்கத்துக்கு. மூன்றாவது, பின் சீட்டின் மேல் போல்ட் போட்டு முடுக்க. அதற்கப்புறம் அந்தச் சீட்டில் ஈ உட்காரலாம், ஆள் உட்கார முடியாது.

பெட்டிகளோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"எந்த நாட்டு மேல படையெடுக்கப் போறீங்க?" என்றாள்.

"கடலுக்குப் போறேன்மா. லீவு கேட்டிருக்கேன். சாமான் வைக்கத்தான் இது."

"மூணு பெட்டியா? உங்ககிட்ட இருக்கறதே ரெண்டு சட்டை."

"டூல்ஸ் இருக்கு. ஸ்டவ் இருக்கு. வழியில ஒண்ணுன்னா..." தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "உன்னையும் கூட்டிட்டுப் போகலாம்னு எவ்வளவோ பார்த்தேன். மூணாவது பெட்டி பின் சீட்டைப் புடிச்சுக்குது. மனசே கேட்கல."

நான் எதிர்பார்த்தது சூறாவளி. வந்தது தென்றல்.

"அதனாலென்னங்க. நீங்க நிம்மதியா ஓட்டணும்னுதானே? சத்தியமா சொல்றேன், நான் உங்க பின்னாடி உக்காந்து வரவே மாட்டேன். போதுமா?"

போதும் என்பதா? அன்று பம்ப் பாடியது. முள் ஆடியது. நானும் கொஞ்சம் ஆடினேன்.

தினம் சாயங்காலம் எழுந்ததும், டூட்டிக்குக் கிளம்பும் வரை வாசலில் பெட்டி வேலை. பட்டை இரும்பை வளைத்துச் சட்டம் செய்தேன். பெட்டியில் துளை போட்டு, போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து இறுக்கினேன். எல்லாம் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டது. அவள் டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்து பார்ப்பாள். கல்யாணமானதிலிருந்து என் வேலையை இவ்வளவு அக்கறையாக அவள் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"சைலன்சர் பக்கம் இருக்கற பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க. சூடு ஏறும்" என்றாள் ஒரு நாள்.

சரியாகத்தான் இருந்தது. தள்ளி வைத்தேன்.

"ரெண்டு பக்கமும் எடை ஒண்ணா இருக்கணும்ங்க. இல்லேன்னா வளைவுல ஒரு பக்கமா இழுக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு கையிலயும் தண்ணிக் குடம் தூக்கினவளுக்குத் தெரியாதா?"

நியாயம். சமையலறைத் தராசை எடுத்துவந்து நிறுத்தேன்.

அடுத்தது மூன்றாவது பெட்டி. "சீட்டு மேல வெச்சா உயரமாயிடும், வண்டி ஆடும். பின்னாடி ஒரு கேரியர் போட்டு அதுல வைங்க" என்றாள்.

உஷாரானேன். "அப்ப சீட்டு காலியாயிடுமே."

"காலியா இருந்தா என்ன? நான்தான் உங்க பின்னாடி உக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனே. என் சத்தியத்துக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

குரலில் ஈரம் தெரிந்தது. அந்த ஈரத்துக்கு எந்த ரப்பர் பட்டையும் தாங்காது. கேரியர் போட்டேன்.

மறுநாள் எழுந்தால், அந்தப் பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்ன மெத்தை. அழகாகத் தைத்து, ஒட்டியே விட்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"உங்க முதுகுக்குத்தாங்க. நீண்ட தூரமில்லையா."

நான் ஓட்டும்போது என் முதுகுக்கும் அந்த மெத்தைக்கும் நடுவில் ஒரு முழு சீட்டு இருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அன்பாகத் தைத்துக் கொடுத்த மெத்தையில் அளவு பார்க்கிறவன் மனுஷனா? நன்றி சொன்னேன். பெட்டி வாங்கிய அதே இரும்புக் கடைக்கு அவளே போய் ஒரு ராணுவ பெல்ட்டும் வாங்கிவந்தாள். பட்டையும் பக்கிளும் யானையைக் கட்டலாம் போலிருந்தன.

"இது?"

"விழாம கட்டறதுக்கு."

பெட்டிதான் போல்ட் போட்டாயிற்றே என்று நினைத்தேன். ஆனால் பெண்களுக்குப் போல்ட் மேல் நம்பிக்கை கிடையாது.

இதற்கிடையில் வண்டியிலும் சில விசித்திரங்கள். பெட்ரோல் தானாகக் குறைந்தது. கண்ணாடிகள் தினமும் தாழ்ந்து கிடந்தன. குருவி உட்காருகிறது என்று முடிவு செய்தேன். சுவரைப் பார்த்து நிறுத்திய வண்டி, நான் எழும்போது தெருவைப் பார்த்து நின்றது. கேட்டால், "கூட்டிப் பெருக்கத் திருப்பி வெச்சேன்" என்றாள். பக்கத்து வீட்டு அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி நல்லா தூங்கறீங்களா? நல்லா தூங்குங்க" என்று விசாரித்தாள். உலகத்தில் நல்லவர்கள் பெருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு கிடைத்தது. டூட்டி முடித்து வந்து, குளித்து, ஹெல்மெட்டோடு வாசலுக்கு வந்தேன். சூரியன் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. இன்று உன்னோடு முழுநாளும் இருப்பேன் என்று மனசுக்குள் சொன்னேன்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் என் மனைவி இருந்தாள். ஹெல்மெட், கையுறை, சாவி எல்லாம் அவளிடம். கேட்டைத் திறந்துவிட்டபடி பக்கத்து வீட்டு அக்கா.

"இறங்கும்மா. விளையாடாதே."

"ஏறுங்க. வெயில் ஏறிடப் போகுது."

"நீ... ஓட்டுவியா?"

"தங்கம் மாதிரி ஓட்டுவா தம்பி" என்றாள் அக்கா. "லைசென்ஸ் டெஸ்ட்ல இன்ஸ்பெக்டரே அசந்துட்டாரு."

"எப்பக் கத்துக்கிட்ட?"

"நீங்க தூங்கறப்ப."

நான் ஆண்மகன். விடவில்லை. "கடலுக்கு நான்தான் ஓட்டுவேன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

"என் தங்கச்சி வீட்டுக்குப் போறப்பவும் அப்படித்தான் முடிவு பண்ணீங்க. வெயில் ஏறினதும் சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி இருக்கறவங்க ஹாரன் அடிக்கறாங்க, நீங்க 'பம்ப்பை நிறுத்து'ங்கறீங்க." பிறகு குரலைத் தணித்தாள். "அன்னிக்கு நான் பின்னாடி இருந்தேன், தட்டி எழுப்பினேன். தனியாப் போனா யாருங்க எழுப்புவா?"

என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆயுதம்தான்.

"என் பின்னாடி உக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணியே" என்றேன் பரிதாபமாக.

"உக்காந்தேனா?"

ஏறி உட்கார்ந்தேன். முதுகு மெத்தையில் கச்சிதமாகப் பொருந்தியது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறாள், நான் தூங்கும்போது. அக்கா வந்து ராணுவ பெல்ட்டை என் வயிற்றைச் சுற்றிப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டினாள். 'டப்'.

வண்டி கிளம்பியது. வளைவில் ஒரு பக்கமும் இழுக்கவில்லை. எடை அவ்வளவு துல்லியம். "பள்ளம்" என்றேன். "தெரியும்" என்றாள். "நாய்" என்றேன். "நீங்க தூங்குங்க" என்றாள். தூங்க மாட்டேன், கடல் வரைக்கும் கண்ணை மூட மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். அந்தச் சபதத்தின் கடைசி வார்த்தை எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது அலைச் சத்தம். மரத்தடியில், போல்ட் கழற்றி இறக்கிய மூன்றாவது பெட்டிமேல் சாய்ந்து கிடந்தேன். எதிரே கடல். மணலில் காலை நீட்டி, முகமெல்லாம் வெயில் குடித்துச் சிவந்துபோய் மனைவி.

"எப்ப வந்தோம்?"

"மத்தியானமே வந்தாச்சு. நாந்தான் உங்களை இறக்கிப் படுக்க வெச்சேன். எவ்வளவு நல்லா தூங்கினீங்க தெரியுமா? எழுப்ப மனசே வரல." கடலைப் பார்த்தபடி நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். "தனியா உக்காந்து கடலைப் பார்க்கறதும் ஒரு சுகந்தாங்க."

தூரத்தில் சூரியன் டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் தலையாட்டினேன்.