திராட்சைப் பந்தல் வழியாக வந்த இன்டர்நெட்

டயல் டோன் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவனை டெலிபோன் வயர் பக்கம் விடக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருப்பூரில் துணி மடித்து, ஏலத்தோட்டத்தில் களை வெட்டி, கடைசியாக டெலிபோன் போஸ்ட்டுக்குக் குழி தோண்டிய என்னை விட்டார்கள். (குழி தோண்டியதைத்தான் ஊரில் ‘டெலிபோன் லைனில் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.)

அந்த வேலையும் போய், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் அக்கா வீட்டில் சோற்றுக்கு ஒதுங்கியிருந்த நேரம். அக்கா மகள் ஸ்டெல்லா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று இணையத்தில் வரிசைப்படுத்திப் பதிய அன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு. வீட்டுக்கு இணையம் வருகிற டெலிபோன் வயரை முந்தின நாள்தான் டிராக்டர் இழுத்து அறுத்திருந்தது. செல்போன் சிக்னலோ அந்தத் தோட்டத்தை எட்டிப் பார்க்காது.

“லைன்மேன் திங்கக்கெழமதான் வருவாகளாம். நான் பிள்ளைய கம்பம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி பிரௌசிங் சென்டர்ல முடிச்சிட்டு வந்துர்றேன்” என்றாள் அக்கா.

“நான் இருக்கையில சென்டருக்குப் போவியா? பேசாம இருக்கா” என்றேன்.

வயரில் பாதி, டிராக்டர் சக்கரத்தில் சுற்றிச் சிதைந்திருந்தது. மிச்சம் பாதித் தூரத்துக்குத்தான் வரும். டெலிபோன் வயர் என்பது இரண்டு கம்பி ஒட்டியது. அதைப் பிளந்து, ஒன்றின் முனையில் மற்றதை முறுக்கினேன். ஒரு கம்பி ரோட்டிலிருந்து வீடுவரை வந்துவிட்டது. இன்னொன்றுக்கு? தலைக்கு மேலே தோட்டம் முழுக்கப் பந்தல்; பந்தல் முழுக்கக் கம்பி. கம்பி கம்பிதானே! ரோட்டுப் பக்கம் ஒரு முனை, வீட்டுப் பக்கம் ஒரு முனை, பந்தலோடு கட்டிவிட்டேன்.

ரிசீவரை எடுத்தால் டயல் டோன். கூடவே கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். மோடத்தில் பச்சை விளக்கும் நின்று எரிந்தது. அக்கா புருஷன் அருளப்பன் மச்சான் என் முதுகில் தட்டினார். “மாப்ளே, ஒனக்குள்ள இம்புட்டு இருக்கா!”

ஸ்டெல்லா பாதிப் பட்டியலை ஏற்றியிருந்தபோது விளக்கு கண்ணடித்து, அணைந்துபோனது. மோடத்தைத் தட்டினேன். விசிறினேன். ஈரத்துணியால் துடைத்தேன். (ஏன் என்று கேட்காதீர்கள்.) மணி நாலைத் தாண்டியது. கம்பம் போகிற பஸ்ஸும் போய்விட்டது.

“மாமா, மோட்டார் ஓட ஆரம்பிச்சதுலருந்துதான் இப்பிடி” என்றாள் ஸ்டெல்லா.

“கெணத்து மோட்டாருக்கும் நெட்டுக்கும் என்னத்தா சம்பந்தம்?”

அக்கா என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. “மோட்டார அமத்துங்க” என்றாள் மச்சானிடம்.

“மும்முனைக் கரண்டு இப்பத்தான வந்திருக்கு! காய் பருக்கிற நேரம், தண்ணி கட்டலைன்னா சுருங்கிரும்.”

“காய்ப்பு அடுத்தும் வரும். காலேசு வருமா?”

மச்சான் பந்தலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு போய் மோட்டாரை அமத்தினார். அக்கா மோட்டார் ரூம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். (கையில் அரிவாள் இருந்ததா என்பதில் வீட்டில் இன்னும் இரண்டு கருத்து உண்டு.) பச்சை விளக்கு எரிந்தது. ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் ஸ்டெல்லா பதிந்து முடித்தாள். அந்தக் காய்ப்பில் பழம் சிறுத்துத்தான் போனது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனவள் முதல் விடுமுறையில் எனக்கு விளக்கினாள். ஒரே செம்புக் கம்பி ஜோடியில்தான் பேச்சும் இணையமும் போகின்றன. பேச்சு தணிந்த அலைவரிசையில். இணையம் காதுக்கு எட்டாத உயர்ந்த அலைவரிசையில். போனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி இரண்டையும் பிரித்துவிடும். கம்பிகள் ஒட்டியே போனால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நானோ ஜோடியைப் பிரித்து, ஒன்றைத் தோட்டம் முழுக்க விரித்திருந்தேன். மோட்டார் கிளப்பிய இரைச்சலையெல்லாம் பந்தல் வாங்கி மோடத்தின் காதில் ஊற்றியிருக்கிறது.

“நீங்க வயர் இழுக்கல மாமா. ஊருக்கே பெரிய ஏரியல் கட்டியிருக்கீக!”

இப்போது அந்த வீட்டில் டெலிபோன் வயரே இல்லை. போன வருடம் ஸ்டெல்லாவின் நிச்சயதார்த்தம் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக மண்டபத்தில் வீடியோ வைத்திருந்தார்கள். மோதிரம் மாற்றுகிற நேரத்தில் படம் உறைந்து நின்றது. எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்: “மோட்டார அமத்துங்கப்பா!”

மாப்பிள்ளையின் சித்தப்பா, பாவம், எழுந்து போய் மண்டபத்தின் பின்பக்கம் மோட்டாரைத் தேடினார்.